நடுவில் வாசிப்பது யார்?

வானொலியில் யாருமே விமர்சனம் எழுதாத பகுதி ஒன்று உண்டு. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் வருகிற 20 விநாடி, 40 விநாடி இசைதான் அது. அகில இந்திய வானொலியில் அதை ‘ஃபில்லர்’ என்பார்கள். தனியார் பண்பலையில் அறிவிப்பாளர் பேசும்போது அவர் குரலுக்கு அடியில் ஓடினால் அதற்குப் பெயர் ‘பெட்’. இரண்டு பாட்டுத் தொகுப்புகளை ஒட்டவைக்கப் போட்டால் ‘பிரிட்ஜ்’. பெயர் எதுவானாலும் அதன் வேலை மௌனத்தை வரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். வானொலி இரண்டு விநாடி சும்மா இருந்தால் கேட்பவர் நிலையத்தை மாற்றிவிடுவார், அல்லது மின்சாரம் போய்விட்டதா என்று விளக்கைப் பார்ப்பார்.

அந்த இடத்துக்குப் பழைய ராக் இசையிலிருந்து எதைப் போடலாம் என்று கேட்டுப் பாருங்கள். அதில் ஊறியவர்கள் யோசிக்காமலே ஒரு பட்டியல் சொல்வார்கள். தி ஷேடோஸின் ‘அப்பாச்சி’ (1960), தி வெஞ்சர்ஸின் ‘வாக், டோன்ட் ரன்’ (1960), புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸின் ‘கிரீன் ஆனியன்ஸ்’ (1962), ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ஆல்பட்ராஸ்’ (1968), சந்தானாவின் ‘சாம்பா பா டி’ (1970). நல்ல பட்டியல்தான். ‘கிரீன் ஆனியன்ஸ்’ பாட்டில் ஆர்கன் ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருவதால் எங்கே வெட்டினாலும் வெட்டிய இடம் தெரியாது. ‘ஆல்பட்ராஸ்’ இரவு நிகழ்ச்சிக்கு அத்தனை பொருத்தம். அலை வந்து போவதுபோல் டிரம் ஒலிக்க, கிதார் அதன்மேல் மிதக்கும். ‘சாம்பா பா டி’யில் கிதாரே பாடகரின் வேலையைச் செய்துவிடும். எனக்கும் இவை பிடிக்கும்.

ஐந்திலும் வாசித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பட்டியலைப் பத்தாக, இருபதாக நீட்டினாலும் பெரிய மாற்றம் வராது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டிய விஷயம். தேர்வுசெய்கிறவர் வைத்திருப்பது ஒரே ஒரு தொழில்நுட்ப விதி: பாடும் குரல் இருக்கக்கூடாது. பாட்டுக் குரலும் பேச்சுக் குரலும் மோதினால் இரண்டுமே புரியாது. விதி நியாயமானதுதான். அதற்கு ஆண், பெண் என்ற கணக்கே தெரியாது. ஆனாலும் அந்த விதியைப் போட்டுச் சலித்தால் சல்லடையில் பெண்கள் தங்குவதில்லை.

காரணத்தை ராக் இசையின் வேலைப் பிரிவினையில் தேடவேண்டும். அந்த மேடையில் பெண்ணுக்கு ஒலிவாங்கி கிடைத்தது. கிதார், பாஸ், டிரம் எல்லாம் ஆண்களின் கைக்குப் போயின. ஜானிஸ் ஜாப்ளின் முன்னால் நின்று தொண்டை கிழியப் பாடினார், பின்னால் வாசித்தவர்கள் ஆண்கள். ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவில் கிரேஸ் ஸ்லிக்கின் நிலையும் பெரும்பாலும் அதுவே. பெண்ணின் பங்கு குரல்தான் என்று ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மறுபக்கம் குரல் வேண்டாம் என்றால் மிச்சம் என்ன இருக்கும்? வீட்டுக் கணக்கிலும் இதே வித்தையைப் பார்த்திருக்கிறோம். சமையல் உன் வேலை என்பார்கள். சம்பளம் உள்ளதுதான் வேலை என்றும் அவர்களே சொல்வார்கள்.

வாத்தியம் வாசித்த பெண்கள் இல்லாமல் இல்லை. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1940-களிலேயே மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தேவாலயப் பாடல்களை அதிரவைத்த கறுப்பினப் பெண். 1944-இல் அவர் பதிவுசெய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’ பாட்டை ராக் அண்ட் ரோலின் தொடக்கப் பதிவுகளில் ஒன்றாகக் கருதுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018-இல். அவர் இறந்து 45 ஆண்டுகள் கழித்து. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் 1960-கள் முழுக்க கூலிக்கு வாசித்த கேரல் கே இன்னொருவர். சானி அண்ட் ஷேரின் ‘தி பீட் கோஸ் ஆன்’ (1967) பாட்டை ஒருமுறை கேட்டவர்களுக்கும் மனதில் நிற்பது அதன் பாஸ் சுழற்சிதான். அதைக் கண்டுபிடித்தவர் கேரல் கே. பாட்டை இயற்றியவர் என்று அச்சான பெயர் சானி போனோவுடையது மட்டும். 2025-இல் அதே புகழ்க்கூடம் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, தொண்ணூறு வயதில், அவர் அந்த கௌரவத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பெண்களின் பாட்டு இடைவெளி இசையாக வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வரவே வராது என்று சொல்லவில்லை. வரும்போது எப்படி வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஃப்ளீட்வுட் மேக்கின் ‘தி செயின்’ (1977) ஐந்து பேர் பெயரில் வந்த பாட்டு. சொற்களில் பெரும்பங்கு ஸ்டீவி நிக்ஸுடையது. உடைந்த உறவின் கோபம் அதில் இருக்கிறது. பி.பி.சி. தன் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய நிகழ்ச்சிக்கு முகப்பிசையாகப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியை. ஜான் மெக்வீ தனியாக பாஸ் வாசிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து. பெண்ணின் கோபம் வெட்டுப்பட்டது. அந்தக் கோபம் கிளப்பிவிட்ட வேகம் மட்டும் கார்களுக்குப் போனது.

ஹார்ட் குழுவின் ‘பாராகுடா’வும் (1977) அப்படித்தான். ஆன் வில்சன், நான்சி வில்சன் என்ற சகோதரிகள் நடத்திய குழு அது. அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனம், விற்பனைக்காக, அக்கா தங்கை இருவரும் காதலர்கள் என்று கிசுகிசுக்கும் விளம்பரம் ஒன்றைப் போட்டது. ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு ஆள் வந்து ஆன் வில்சனிடம் அதைப் பற்றிப் பல்லிளித்துக் கேட்டான். விடுதி அறைக்குப் போய் அவர் எழுதிய சொற்கள்தான் அந்தப் பாட்டு. இன்று விளையாட்டு ஒளிபரப்பிலும் வானொலித் துணுக்குகளிலும் குதிரை பாய்வதுபோல் வரும் அதன் கிதார் தொடக்கம் மட்டும் கேட்கும். ஆன் வாய்திறக்கும் முன்பே ஒலி தணிந்துவிடும். 2008-இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சி தன் மாநாட்டில் சாரா பேலினுக்காக இதைப் போட்டபோது சகோதரிகள் எதிர்ப்புத் தெரிவிக்கவேண்டி வந்தது. சொல்லை நீக்கிவிட்ட இசையை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம்.

சொல்லே இல்லாத குரலுக்கு என்ன நடந்தது என்பதற்கு கிளேர் டோரியின் கதை இருக்கிறது. பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) தொகுப்பில் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டில் அலறி, விம்மி, அடங்கி ஒலிக்கும் பெண்குரல் அவருடையது. ஒரு சொல்கூடக் கிடையாது. குழுவினர் மெட்டு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அவராகவே அந்த நேரத்தில் கட்டியெழுப்பியது. கூலி 30 பவுண்டு. இயற்றியவர் என்று பியானோ வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் பெயர் போனது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2004-இல், அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வு ஏற்பட்டு, அவர் பெயரும் இயற்றியவர் பட்டியலில் சேர்ந்தது. பெண்குரலில் சொல் இல்லாவிட்டால் அது வாத்தியக் கணக்கில் போய்விடுகிறது. வாத்தியம் வாசித்தவராகவும் அவரை எண்ணுவதில்லை, ‘சும்மா ஹம்மிங்’ என்கிறோம்.

நம் ஊரில் ‘ஹம்மிங்’ என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பெண்கள்! தமிழ்த் திரைப்பாட்டின் இடையிசையில் வயலினோடு சேர்ந்து ஒலிக்கும் பெண்குரல்கள் யாருடையவை என்று இசைத்தட்டு உறையில் தேடினால் கிடைக்காது. ‘குழுவினர்’ என்று இருந்தால் அதிர்ஷ்டம். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மா அப்படிக் கோரஸில் பாடிப் பிழைத்தவர். அம்மாவோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்வந்து, கோரஸில் நின்று, அங்கிருந்து முன்னால் வந்தவர் ஈஸ்வரி. ‘பாசமலர்’ (1961) படத்தின் கல்யாணப் பாட்டு அவரை ஊரறியச் செய்தது. பிறகு நம் படங்களில் மின்கிதாரும் சாக்ஸபோனும் டிரம்மும் சேர்ந்து கிளப் நடனமாக வந்த இடங்களில் எல்லாம் பெரும்பாலும் அவர் குரல்தான். தமிழில் ராக்கின் உடல்துடிப்பை முதலில் தொண்டையில் ஏற்றிய பெண் என்று அவரைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ‘கெட்ட பெண்ணுக்கு ஈஸ்வரி, நல்ல பெண்ணுக்கு சுசீலா’ என்ற பங்கீட்டில் அந்தச் சாதனை அமுங்கிப்போனது.

ராக்கைப் பற்றி எழுதுகிறபோது நம் வானொலி எங்கே வருகிறது என்று கேட்கலாம். நாட்டில் முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது இந்த ஊரில்தான், 1977 ஜூலை 23-இல். அதற்கு வெகுகாலம் முன்பே, மேற்கத்திய இசையைக் கேட்க நம் வீடுகள் இலங்கை வானொலியைத் திருப்பிவைத்திருந்தன. அப்படிக் கேட்டு வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், சிறுமியாக இருந்தபோதே இலங்கை வானொலியின் ஓவல்டின் நிகழ்ச்சியில் பாடினார். பள்ளியில் குரல் சரியில்லை என்று இசை வகுப்பிலிருந்து அனுப்பப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1969-இல் அண்ணா சாலையில், சஃபையர் திரையரங்க வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ என்ற இரவு விடுதியில், புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுகள் பாடத் தொடங்கினார். உஷா உதுப். அந்தத் திரையரங்கு இன்று இல்லை.

உஷாவின் குரல் கனமானது, அடித்தொண்டையில் இருந்து வருவது. ‘ஆம்பிளைக் குரல்’ என்று கேலி செய்தவர்களும் உண்டு. அந்தக் குரலைப் படுக்கையாக விரித்து அதன்மேல் இன்னொருவர் பேச முடியாது. அவர் பாடினால் நாம் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். சென்னையின் ராக் வரலாற்றில் இவ்வளவு முன்னால் நிற்கிற ஒரு பெண், வானொலியின் அன்றாட ஓட்டத்தில் கேட்பதில்லை. பிறந்தநாளுக்கும் விருது கிடைத்த நாளுக்கும் சிறப்பு நிகழ்ச்சியில் வருகிறார். பெண்ணை மேடையில் ஏற்றிக் கொண்டாடுவது சுலபம். அவளை அன்றாடத்தில் சேர்த்துக்கொள்வதுதான் நமக்குக் கைவருவதில்லை.

நம் வானொலியின் இடைவெளியில் பெண்களின் கை முன்பே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பேச்சு ஐந்து நிமிடம் முன்னால் முடிந்துவிட்டால் அகில இந்திய வானொலியில் வீணையோ குழலோ ஒலிக்கும். வீணை நம் வீடுகளில் பெண்ணுக்குப் பழக்கிய வாத்தியம். கல்யாணச் சந்தைக்கான தகுதியாகப் பழக்கியது வேறு விஷயம். அந்த இடைவெளிகளில் எத்தனையோ பெண்கள் வாசித்தது ஒலித்திருக்கும். ஆனால் அறிவிப்பு ‘வாத்திய இசை’ என்று முடிந்துவிடும். பிறகு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) வந்தது. கர்நாடக இசையும் பாக்கும் கலந்த அந்தத் தொகுப்பின் துண்டுகள் நம் காதில் இடைவெளி இசையாகவே பதிந்துபோயின. பாலு மகேந்திரா அதை ‘வீடு’ (1988) படத்துக்குப் பின்னணியாக வைத்தார். வேலைக்குப் போகும் ஒருத்தி ஒரு வீடு கட்டப் படும் பாடு அந்தப் படம். இதே இசை வானொலியில் நேரத்தை நிரப்பியது. அந்தப் படத்தில் ஒரு பெண்ணின் அலைச்சலை, அவளுடைய காத்திருப்பைச் சொல்கிறது. இடைவெளி இசைக்குப் பொருள் கிடையாது, அது வெறும் ஒட்டுப்பசை என்பவர்களுக்கு இது ஒரு பதில்.

அந்த இசையை யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருமுனைத் தையல்கடையில் காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை வானொலி ஓடும். ஓவர்லாக் போடுகிற சத்தத்தில் பேச்சு பாதிதான் கேட்கும். அங்கே வேலை பார்க்கும் அக்காக்களுக்கு இடைவெளி இசைதான் கடிகாரம். “அந்த டொய்ங் டொய்ங் வந்துடுச்சு, தண்ணி லாரி வர்ற நேரம்” என்று ஒருவர் குடத்தை எடுத்துக்கொண்டு எழுவார். கல்லூரியில் இசை ஆய்வு செய்கிறவர்கள் ‘பின்னணி’ என்று தள்ளிவிடுவதை, பெண்கள் முன்னணியில் வைத்துக் கேட்கிறார்கள். இடுப்பு ஒடியத் தைக்கிற நாளில் நின்று மூச்சுவிடக் கிடைக்கிற 30 விநாடி அது. அதில் யாருடைய விரல்கள் ஒலிக்கின்றன என்பது அற்பமான கேள்வி ஆகாது.

லண்டனில் பி.பி.சி. 1958-இல் ‘ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்’ என்ற பிரிவைத் தொடங்கியது. நிகழ்ச்சிகளுக்கு முகப்பொலிகளும் பின்னணி ஒலிகளும் செய்வதற்கு. அதை உருவாக்க முன்நின்றவர்களில் ஒருவர் டாஃப்னி ஓரம். அங்கே வேலை பார்த்த டீலியா டெர்பிஷைர் 1963-இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையைக் காந்த நாடாவை வெட்டி வெட்டி ஒட்டி உண்டாக்கினார். மெட்டு எழுதியவர் ரான் கிரெய்னர். டீலியா செய்ததைக் கேட்டு அசந்துபோய், இயற்றியவர் பெயரில் பாதியை அவருக்குத் தர கிரெய்னரே முன்வந்தார். நிறுவன விதி அனுமதிக்கவில்லை. திரையில் டீலியாவின் பெயர் வந்தது 2013-இல், அவர் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு. ஒரு தேசமே மனப்பாடமாக அறிந்திருந்த ஒலி. செய்தவர் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

இத்தனையும் சொன்னபிறகு வரக்கூடிய மறுப்பு எனக்குத் தெரிந்ததுதான். ஊரில் பெண்களுக்கு ஆயிரம் பிரச்சினை இருக்க, 30 விநாடி கிதாருக்கு இவ்வளவு பேச்சா என்பார்கள். இடைவெளியைச் சிறியது என்று நினைப்பவர்கள் ஒரு நாளைக்கு அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். தலைவர்களின் சிலையைவிட அன்றாடம் காதில் விழும் ஒலிதான் எது இயல்பு, எது விதிவிலக்கு என்று நமக்குப் பழக்குகிறது. இன்னொரு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: மார்ச் 8 அன்று மட்டும் பெண் கலைஞர்களின் துண்டுகளாகப் போட்டுவிட்டு 9-ஆம் தேதி பழைய பட்டியலுக்குத் திரும்புவது. அது உஷாவுக்கு நடப்பதேதான்.

ஆதம்பாக்கத்திலிருந்து கிண்டி தாண்டினால் அண்ணா பல்கலைக்கழகம். இந்தியாவின் முதல் சமுதாய வானொலியான ‘அண்ணா எஃப்.எம்.’ 2004 பிப்ரவரி 1 அன்று அங்கே தொடங்கியது. நுங்கம்பாக்கத்தில் எம்.ஓ.பி. வைஷ்ணவ மகளிர் கல்லூரிக்கும் சொந்தமாக ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. பெரிய தனியார் நிலையங்களில் பாட்டுப் பட்டியலை வேறு யாரோ முன்கூட்டியே கணினியில் ஏற்றிவைத்துவிடுவார்கள். பேசுகிற பெண்ணுக்கு அதில் கைவைக்க அதிக இடமில்லை. கல்லூரி நிலையத்தில் கன்சோலுக்கு முன்னால் உட்காருவது மாணவிதான். ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் அவள் விரலில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அவளுக்காகத்தான்.

அவளுக்கு என் சிபாரிசுகள் இவை. ஹார்ட் குழுவின் ‘கிரேசி ஆன் யூ’ பாட்டின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளட்டும். நான்சி வில்சன் தனியாக வாசிக்கும் சாதாக் கிதார். குரல் இல்லை, தானே ஒரு முழு உருப்படி, பேச்சு நிகழ்ச்சியிலிருந்து பாட்டுக்குப் போக இதைவிட நல்ல வாசல் கிடையாது. சுறுசுறுப்பு வேண்டும் என்றால் ‘தி பீட் கோஸ் ஆன்’ பாஸ் சுழற்சி. ரொசெட்டா தார்ப்பின் கிதார் தனிவாசிப்புகள் காலை நிகழ்ச்சிக்கு ஏற்றவை. கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். இரவு முடிப்பதற்கு கிளேர் டோரியின் குரல். ஆனால் அதன்மேல் பேசவேண்டாம், முடியும்வரை விட்டுவிடவேண்டும். ‘பாராகுடா’வை எடுத்தால் கிதாரோடு நிறுத்தாமல் ஆன் வில்சனைப் பாடவிடவேண்டும். உஷாவையும் ஈஸ்வரியையும் ஒட்டுப்பசையாக்க முடியாது; அவர்களுக்கு முழுப் பாட்டின் நேரம் கொடுக்கவேண்டும், சாதாரண செவ்வாய்க்கிழமையில். பழைய பட்டியலையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. ‘கிரீன் ஆனியன்ஸ்’ இவற்றோடு கலந்து வரட்டும்.

இன்னொன்று, இதற்குப் பணமோ அனுமதியோ தேவையில்லை. ஒலியை இறக்கும் முன் வாசித்தவர் பெயரைச் சொல்லவேண்டும். “இப்போது கேட்டது கேரல் கேயின் பாஸ்” என்று சொல்ல மூன்று விநாடி ஆகும். விளம்பரதாரர் பெயரை நாம் அதைவிட அதிக நேரம் எடுத்துச் சொல்கிறோம். பெயர் தெரியாத ஹம்மிங் வந்தால், “பாடிய பெண்ணின் பெயரை இசைத்தட்டில் போடவில்லை” என்று அதையும் சொல்லலாம். தையல்கடையில் யாராவது ஒருத்தி மிஷினை நிறுத்திவிட்டு, “பொம்பளையா வாசிச்சது?” என்று கேட்பாள்.